‘வாய்ஸ்’ (1973): ஆறு குரல்கள் சேர்ந்து பாடிய இந்த இசைத்தட்டை ஏன் யாரும் பேசுவதில்லை?

நள்ளிரவுத் தட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நெடும் பாடல்களும் சிக்கலான இசையமைப்பும் கொண்ட புராக்ரெசிவ் ராக் (சுருக்கமாக ‘புராக்’) இசையைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன் என்றாலும், அந்த மரபில் மனிதக் குரலுக்குக் கிடைத்த இடம் என்ன என்று அண்மையில்தான் யோசிக்கத் தொடங்கினேன். பாட்டின் பெரும்பகுதியைக் கீபோர்டும் கித்தாரும் எடுத்துக்கொள்ள, பாடகர் நடுவில் வந்து நாலு வரி பாடிவிட்டு ஒதுங்கி நிற்பதே அங்கே பெருவழக்கு. ‘யெஸ்’ குழுவும் ‘ஜென்டில் ஜயன்ட்’ குழுவும் இதற்கு விலக்கு என்பது நமக்கெல்லாம் தெரியும். அவர்களைத் தாண்டி, குரல்களே கட்டடத்தைத் தாங்கி நிற்கும் ஓர் இசைத்தொகுப்பு உண்டா என்று தேடிக்கொண்டு போனபோதுதான், ‘கேபபிலிட்டி பிரௌன்’ என்ற பிரிட்டிஷ் குழு 1973-இல் வெளியிட்ட ‘வாய்ஸ்’ கையில் அகப்பட்டது.

முதல் பக்கத்தில் நான்கு பாடல்கள். இரண்டாம் பக்கம் முழுவதும் ‘சர்கம்ஸ்டான்சஸ்’ என்ற ஒரே நெடும் பாடல். குழுவில் ஆறு பேர், ஆறு பேருமே பாடுகிறவர்கள். ஒரு மாத காலமாக வேறு எதையும் கேட்கவில்லை என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம், ஆனால் உண்மை அதுதான். இரண்டாம் பக்கத்தில் அக்கூஸ்டிக் கித்தாரின் மேல் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும்போது, அறையின் கூரை சற்று உயர்ந்துவிட்டதுபோல் இருக்கிறது.

இத்தனை இருந்தும், அந்தக் காலத்தின் சிறந்த தொகுப்புகளைப் பற்றிய எந்த உரையாடலிலும் இந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. என்னுடைய ரசனைதான் வழி தவறிவிட்டதா, அல்லது இது கவனிக்கப்படாமல் போனதற்கு வேறு காரணங்கள் உண்டா? இன்னொரு சிறிய கேள்வியும் இருக்கிறது: ஆறு குரல்கள் ஒருசேர ஒலிக்கும்போது மேலே ஓடும் மெட்டு மட்டும்தான் எனக்குத் தெளிவாகப் பிடிபடுகிறது, நடுவில் இருக்கும் குரல்கள் ஒரு மூட்டமாகவே கேட்கின்றன. அவற்றைப் பிரித்துக் கேட்கக் காதைப் பழக்குவது எப்படி?

ஆறாம் தடம் எழுதியது:

உங்கள் ரசனையில் கோளாறு எதுவும் இல்லை. இந்தத் தொகுப்பைக் குறித்து ஒருவர் தானாகவே கேள்வி எழுப்புவதைப் பார்த்து மகிழ்ச்சியடைந்தவர்களில் நானும் ஒருவன்.

குழுவின் பெயரே ஒரு வேடிக்கை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெருந்தோட்டங்களை வடிவமைத்த லான்சலாட் பிரௌன், தன்னை அழைத்த நிலவுடைமையாளர்களிடமெல்லாம் ‘உங்கள் நிலத்துக்கு நல்ல கேபபிலிட்டி இருக்கிறது’ என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லையே பட்டப்பெயராகப் பெற்றவர். கையில் கொடுத்த நிலத்தை வளைத்து அழகாக்கியவரின் பெயரை, பிறர் எழுதிய பாடல்களை வளைத்து அழகாக்கிய ஒரு குழு வைத்துக்கொண்டது தற்செயலாக இருக்கலாம். எனக்கு என்னவோ பொருத்தமாகவே படுகிறது.

கவனிக்கப்படாமல் போனதற்கான முதல் காரணமும் அங்கேதான் இருக்கிறது. 1972-இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பான ‘ஃப்ரம் ஸ்கிராட்ச்’ இசைத்தட்டில் ‘ரேர் பேர்ட்’ குழுவின் ‘பியூட்டிஃபுல் ஸ்கார்லெட்’ இருக்கிறது, ரஸ் பாலார்ட் ‘ஆர்ஜென்ட்’ குழுவுக்காக எழுதிய ‘லையர்’ இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ‘லையர்’ பாடலை ‘த்ரீ டாக் நைட்’ அமெரிக்காவில் பெரும் வெற்றியாக ஆக்கியிருந்தது. ‘வாய்ஸ்’ தொகுப்பின் முதல் பக்கத்திலும் இதே கதைதான்: ‘லின்டிஸ்ஃபார்ன்’ குழுவின் ஆலன் ஹல் எழுதி, ‘அஃபினிட்டி’ குழு ஏற்கெனவே பதிவு செய்திருந்த ‘ஐ ஆம் அண்ட் சோ ஆர் யூ’; ‘ஸ்டீலி டான்’ தன் முதல் தொகுப்பில் வெளியிட்ட ‘மிட்நைட் க்ரூசர்’. தன் பாடலைத் தானே எழுதுபவனே கலைஞன் என்ற எண்ணம் ராக் உலகில், அதிலும் புராக் ரசிகர்களிடையே, ஆழ வேரூன்றியிருந்த நாள்கள் அவை. பிறர் பாடலைப் பாடும் குழு எவ்வளவு நுட்பமாகப் பாடினாலும் இரண்டாம் தரம் என்றே முத்திரை குத்தப்பட்டது.

இன்னொன்று, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது. டோனி ஃபெர்குசனும் கென்னி ரோவும் அதற்கு முன் ‘ஹார்மனி கிராஸ்’ குழுவில் இருந்தவர்கள். 1969-இல் ‘மூவ் இன் எ லிட்டில் க்ளோசர்’ பாடலால் அறியப்பட்ட அந்தக் குழு, ‘பீச் பாய்ஸ்’ பாணியில் குரல்களை அடுக்கிப் பாடிய பாப் குழு. ஆகவே ‘வாய்ஸ்’ தட்டில் நீங்கள் கேட்கும் குரல் அடுக்கு புராக் மரபுக்குள்ளிருந்து முளைத்தது அல்ல; அறுபதுகளின் பாப் இசையில் பல ஆண்டுகள் ஊறிப் பழகிய தொண்டைகள், நெடும் பாடல்களின் காலத்துக்குள் காலெடுத்து வைத்ததன் விளைவு அது. பாப் ரசிகருக்கு இரண்டாம் பக்கம் நீளம், புராக் ரசிகருக்கு முதல் பக்கம் இலேசு. இப்படி இரண்டு வாசலிலும் நிறுத்திவைக்கப்பட்ட தட்டு இது.

போதாக்குறைக்கு அது வெளிவந்த ஆண்டு 1973. ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’, ‘டியூபுலர் பெல்ஸ்’, ‘பிரெய்ன் சாலட் சர்ஜரி’ எல்லாம் அந்த ஒரே ஆண்டில் வந்தவை. அதைவிட முக்கியமாக, இவர்களுடைய நிறுவனமான ‘கரிஸ்மா’வே அதே ஆண்டில் ‘ஜெனிசிஸ்’ குழுவின் ‘செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்’ தொகுப்பை வெளியிட்டது. அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போயிற்று. ஒரே வீட்டில் அண்ணன் அப்படிப் பெயர் எடுக்கும்போது தம்பியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ‘வாய்ஸ்’ தொகுப்புக்குப் பிறகு குழு நீண்ட நாள் நிலைக்கவில்லை. உறுப்பினர்களில் சிலர் பிற்பாடு ‘கிரேஸி கேட்’ என்ற பெயரில் இயங்கினார்கள். அந்தத் தட்டுகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

வெட்டுக்கிளி எழுதியது:

முன்னவர் வரலாற்றை நன்றாகச் சொல்லிவிட்டார். இருந்தாலும் எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மாற்றுக் கருத்து ஒன்றும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

‘வாய்ஸ்’ தட்டில் குரல்கள் அழகாக ஒலிக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகு பெரும்பாலும் ஒரே வகையானது: ஆறு பேரும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில், வெவ்வேறு சுரங்களில் பாடுகிறார்கள். மேல் குரல் அசைந்தால் மற்ற ஐந்தும் அதன் நிழலாக அசைகின்றன. இதைக் குரல்களால் வாசிக்கப்பட்ட ஆர்கன் என்று சொல்லலாம். குரல்களுக்கிடையே உரையாடல் என்று சொல்ல முடியாது.

உரையாடலைக் கேட்க வேண்டுமானால் ‘ஜென்டில் ஜயன்ட்’ குழுவிடம்தான் போக வேண்டும். 1975-இல் வந்த ‘ஃப்ரீ ஹேண்ட்’ தொகுப்பிலுள்ள ‘ஆன் ரிஃப்ளெக்‌ஷன்’ பாடலைக் கேளுங்கள். ஒரு குரல் தனியாக ஒரு மெட்டைத் தொடங்குகிறது. அது தன் வழியில் போய்க்கொண்டிருக்கையில் இரண்டாம் குரல் அதே மெட்டை வேறொரு சுரத்திலிருந்து தொடங்குகிறது. பிறகு மூன்றாவது, பிறகு நான்காவது. ஐரோப்பியச் செவ்வியல் இசையில் ஃப்யூக் என்று சொல்லப்படும் அந்த வடிவத்தை, ராக் குழு ஒன்று வெறும் வாயால் நிகழ்த்திக் காட்டுகிறது. எந்த ஒரு குரலை எடுத்துத் தனியே பாடினாலும் அது முழுமையான மெட்டாக நிற்கும். அக்குழுவின் கெர்ரி மின்னியர் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் இசையமைப்பு பயின்றவர் என்பது அங்கே வெளிப்படுகிறது. மேடையில் அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: 1977-இல் வந்த ‘பிளேயிங் தி ஃபூல்’ என்ற நேரடிப் பதிவில், இதே பாடலை முதலில் வயலின், ரெக்கார்டர் முதலான கருவிகளால் வாசித்துவிட்டுப் பிறகுதான் குரல்களுக்கு வருகிறார்கள். குரலுக்கு எழுதியதைக் கருவியும், கருவிக்கு எழுதியதைக் குரலும் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளும்படி எழுதியிருப்பதால்தான் அது முடிகிறது.

1972-இன் ‘ஆக்டோபஸ்’ தொகுப்பில் வரும் ‘நாட்ஸ்’ பாடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவர் ஆர். டி. லெயிங் எழுதிய, அதே பெயருள்ள நூலிலிருந்து கிளைத்த பாடல் அது. மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதிலுள்ள சிக்கல்களே அதன் பொருள் என்பதால், ஒருவர் விட்ட சொல்லின் வாலை இன்னொருவர் பிடிக்கும்படி குரல்களும் சிக்கிக்கொள்கின்றன. பொருளும் வடிவமும் ஒன்றேயாகிவிடும் இத்தகைய இடம் ‘வாய்ஸ்’ தட்டில் எங்கே இருக்கிறது? இருபது நிமிடத்தை ஒட்டி ஓடும் ‘சர்கம்ஸ்டான்சஸ்’ பாடலில் நல்ல பகுதிகள் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துத் தைத்த தையல்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

உள்குரல் எழுதியது:

சேர்ந்திசைக் குழு ஒன்றில் பல ஆண்டுகள் கீழிருந்து இரண்டாவது பாகத்தைப் பாடியவன் என்ற முறையில் நண்பர் வெட்டுக்கிளிக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குரல்கள் ஒன்றாக அசையும் ஹார்மனியை எளிதென்றும், தனித்தனியாக ஓடும் கவுண்டர்பாயிண்ட்டை உயர்ந்ததென்றும் தரம் பிரிப்பது, காகிதத்தில் எழுதப்பட்டதை மட்டும் பார்ப்பதால் வரும் முடிவு. பாடுகிறவனுக்கு நிலைமை வேறு. ஃப்யூக்கில் உங்கள் வரியைச் சரியாகப் பாடிக்கொண்டே போனால் போதும். ஒரு சின்ன விலகல் ஓட்டத்தில் கரைந்துவிடும். ஆறு பேர் ஒரே சொல்லின் ஒரே உயிரெழுத்தில் வந்து நிற்கும்போது ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஒருவர் ‘ஆ’ என்பதைச் சற்றே குவித்து ‘ஓ’ பக்கம் சாய்த்துவிட்டால், சுருதி பிசகாவிட்டாலும் அந்த அடுக்கு முழுவதும் கலங்கிவிடும். எங்கள் ஒத்திகைகளில் சுரத்தைத் திருத்தியதைவிட உயிரெழுத்தைத் திருத்தியதற்கே அதிக நேரம் செலவாயிற்று என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பியானோவில் சுருதி சேர்க்கும் முறைப்படி மேஜர் தேர்ட் என்ற நான்கு அரைச்சுர இடைவெளி 400 சென்ட் (நூறு சென்ட் ஓர் அரைச்சுரம்). இயற்கையாக ஒத்திசைக்கும் இடைவெளியோ ஏறத்தாழ 386 சென்ட். அதாவது கீபோர்டு வாசிப்பது எப்போதுமே இழையளவு அகலம். கருவிகள் ஒலிக்கும்வரை பாடகர்கள் அதனுடன் ஒத்துப்போகிறார்கள். கருவிகள் விலகிக் குரல்கள் மட்டும் நிற்கும்போது, நல்ல பாடகர்கள் தம்மையறியாமல் அந்த இயற்கையான இடத்துக்கு இறங்கி அமர்கிறார்கள். கூரை உயர்ந்ததுபோல் இருந்தது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருந்தாரே, அதில் ஒரு பங்கு இதற்குரியது என்றே நினைக்கிறேன்.

இதை வைத்துத்தான் ‘வாய்ஸ்’ தட்டின் தனித்தன்மையை நான் மதிப்பிடுகிறேன். அந்தக் காலத்தில் குரல் அடுக்குக்கு வேறு வழிகள் இருந்தன. நாடாவில் பதிந்த ஒலிகளை விசை அழுத்தி ஒலிக்கவைக்கும் மெல்லோட்ரான் என்ற கருவியில் கோரஸ் நாடாக்களை மாட்டிக்கொண்டு விசையை அழுத்தினால் பாடகர் குழுவே பாடும், ஆனால் ஒவ்வொரு நாடாவும் எட்டு நொடியளவில் தீர்ந்துவிடும். அடுத்த வழி, ஒரே ஆளைப் பல தடவை பாடவைத்துப் பதிவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவது. 1975-இல் ‘10சிசி’ குழு ‘ஐ ஆம் நாட் இன் லவ்’ பாடலுக்காகச் செய்தது இதன் உச்சம்: மூன்று பேர் ஒரே சுரத்தைப் பதினாறு தடவை பாட, ஒரு சுரத்துக்கு 48 குரல்கள், பதின்மூன்று சுரங்களுக்கு 624 குரல்கள். கேட்கக் கேட்கத் திகட்டாத ஒலிதான். ஆனால் அது மூன்று தொண்டைகளின் ஒலி என்பதால் வெண்ணெய்போல் வழவழப்பாக இருக்கிறது. எந்தக் குரலுக்கும் முகம் இல்லை. ‘கேபபிலிட்டி பிரௌன்’ தட்டில் ஆறு வெவ்வேறு தொண்டைகள். ஒன்றில் கரகரப்பு, ஒன்றில் மூக்கொலி, மேலே ஒன்று ஃபால்செட்டோ என்னும் பொய்க்குரலில் மெலிந்து போகிறது. ஆறும் ஆண் குரல்கள் என்பதால் சுரங்கள் நெருக்கமாகவே அடுக்கப்படுகின்றன, அந்த நெரிசலில்தான் அதற்கு அடர்த்தி வருகிறது. நண்பர் இதை ஆர்கன் என்றார். ஒவ்வொரு குழாயும் வெவ்வேறு மரத்தில் செய்யப்பட்ட ஆர்கனை யார் கேட்டிருக்கிறோம்?

இனி, நடுக் குரல்களைப் பிரித்துக் கேட்கும் கேள்வி. ஒற்றை மெட்டைப் பின்தொடர்ந்தே பழகிய காது மேலே உள்ள குரலையே பற்றிக்கொள்ளும், அது குற்றமல்ல. கீழிருந்து தொடங்குங்கள். முதலில் பேஸ் கித்தாரையும் அதற்குச் சற்று மேலே நிற்கும் அடிக்குரலையும் மட்டும் பின்தொடர்ந்து, ஒரு வரியைப் பத்துத் தடவையாவது கேளுங்கள். அடிக்குரல் நிலைத்த பிறகு, அதற்கு அடுத்த குரலை வாயால் பாடிப் பார்க்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது. நடுப் பாகங்கள் பெரும்பாலும் சலிப்பூட்டுபவை என்பதை இங்கே எச்சரித்து வைக்கிறேன்: மேலே மெட்டு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, நடுக்குரல் நான்கு தாளவட்டம் முழுக்க ஒரே சுரத்தில் நின்றுவிட்டு, ஐந்தாவதில் அரைச்சுரம் மட்டும் கீழே இறங்கும். அந்த அரைச்சுர இறக்கம்தான் கேட்பவரின் நெஞ்சைப் பிசைகிறது; பெயர் என்னவோ மேலே பாடுகிறவருக்குப் போகும். நீங்கள் பாடிக்கொண்டிருக்கும்போது எந்த இடத்தில் உங்களையறியாமல் மெட்டுக்குத் தாவிவிடுகிறீர்களோ, அந்த இடத்தில் ஒரு சுவாரசியமான மாற்றம் நடக்கிறது என்று பொருள். நிறுத்தி, அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒலியளவைக் குறைத்துக் கேட்பதும் உதவும். ஹெட்ஃபோனில் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டாலும் சில குரல்கள் விலகி, மற்றவை முன்னே வரும்.

வெட்டுக்கிளி எழுதியது:

உயிரெழுத்துப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோணத்தில் நான் கேட்டதில்லை. தையல் தெரிகிறது என்ற குறையை மட்டும் விட்டுத்தர மாட்டேன். ‘யெஸ்’ குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ பாடலும் ஒரு பக்கத்தை நிரப்பும் நீளம்தான். அதன் தொடக்கத்தில் கித்தாரும் பேஸும் டிரம்ஸும் கட்டவிழ்ந்து ஓடிக்கொண்டிருக்கையில், குரல்கள் எச்சரிக்கையே இல்லாமல் ஓர் ‘ஆ’ என்று வெட்டி நுழைகின்றன. ஒரு கணத்தில் மறைகின்றன. ஓட்டம் மறுபடி தொடர்கிறது. சொல் இல்லை, மெட்டுகூட இல்லை. ஆனாலும் பின்னால் நடுப்பகுதியில் பாடகர் ஆண்டர்சனின் குரலுக்கு அடியில் குழுவின் ஸ்கொயரும் ஹவும் வேறு வரிகளைப் பாடிக்கொண்டு வரும்போது, அந்த முதல் வெட்டின் நினைவு வேலை செய்கிறது. நெடும் பாடலை நெடும் பாடலாக ஆக்குவது இந்த முன்னேற்பாடுதான். ‘சர்கம்ஸ்டான்சஸ்’ பாடலில் குரல்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து அழகாகப் பாடிவிட்டுப் போய்விடுகின்றன.

ஆறாம் தடம் எழுதியது:

இந்த ஒரு விஷயத்தில் நண்பர் வெட்டுக்கிளியோடு பாதி ஒத்துப்போகிறேன். பாடகர்களாக அவர்கள் முழு வளர்ச்சி பெற்றவர்கள், நெடும் பாடலை எழுதுகிறவர்களாக அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தவர்கள். மூன்றாவதாக ஒரு தொகுப்பு செய்யும் வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கேட்டவருக்கு மேற்கொண்டு சில பரிந்துரைகள். ‘ஸ்பாக்ஸ் பியர்ட்’ குழுவின் ‘தாட்ஸ்’ என்ற பாடல் 1996-இல் வந்த ‘பிவேர் ஆஃப் டார்க்னஸ்’ தொகுப்பில் இருக்கிறது. மேலே பேசப்பட்ட ‘ஜென்டில் ஜயன்ட்’ பாணியின் பேரப்பிள்ளை என்றே அதைச் சொல்லலாம். ஆனால் ‘வாய்ஸ்’ தட்டில் உங்களைப் பிடித்திழுத்த அந்தக் கூட்டுக்குரலின் இதம்தான் வேண்டுமென்றால், ஸ்வீடனின் ‘மூன் சஃபாரி’ குழுவிடம் போங்கள். 2008-இல் வந்த ‘ப்ளூம்யூட்’ என்ற இரட்டைத் தொகுப்பு, கருவிகளே இல்லாத ‘கான்ஸ்டன்ட் ப்ளூம்’ என்ற குறும்பாடலோடு தொடங்குகிறது. அதே தொகுப்பில் ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடும் பாடலும் ஒன்று உண்டு. தையல் தெரிகிறதா இல்லையா என்பதை நண்பர் வெட்டுக்கிளியே கேட்டுச் சொல்லட்டும்.

நள்ளிரவுத் தட்டு எழுதியது:

இத்தனை விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நண்பர் உள்குரல் சொன்ன பயிற்சியை நேற்றிரவு முதல் பக்கத்திலுள்ள ‘சாட் ஆம் ஐ’ பாடலில் செய்து பார்த்தேன். அடிக்குரல் மூன்றாம் முறையிலேயே பிடிபட்டுவிட்டது. அதற்கு மேலுள்ள குரலைப் பாடப்போய், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மெட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தேன். ஏழெட்டு முறை நிறுத்தித் திரும்பக் கேட்ட பிறகுதான், அந்த இடத்தில் மெட்டு மேலே போக, நடுக்குரல் அசையாமல் நிற்கிறது என்பது விளங்கியது. விளங்கிய பிறகும் எனக்கு அங்கே நிற்க வரவில்லை. இன்றிரவு மறுபடி அங்கிருந்து தொடங்குகிறேன்.